தடுப்பணை கட்டியாச்சு, தண்ணீர் யாருக்கு?

வறட்சிப் பகுதியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் தடுப்பணைக் கணக்கு இருக்கும், பண்ணைக்குட்டைக் கணக்கு இருக்கும், நட்ட மரக்கன்றுகளின் கணக்கும் இருக்கும். சேர்ந்த தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்ற கணக்குதான் பெரும்பாலும் இருக்காது. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

தடுப்பணை நிரம்பினால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் ஏறும். சரி, அப்புறம்? ஆழமாகப் போர் போடப் பணம் இருப்பவர் முதலில் இறைத்துக்கொள்வார். கையில் தண்ணீர் இருக்கும் தைரியத்தில் கரும்பு வைப்பார். பக்கத்துச் சிறு விவசாயியின் கிணறு பழையபடி காயும். நிலமில்லாத குடும்பத்துக்கு மண் சுமந்த கூலியோடு முடிந்தது. ஊர்ப் பொதுவில் வந்த பணம் நாலு பேர் தோட்டத்துக்குப் பாய்ந்துவிடும்.

இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் மகாராஷ்டிராவின் விலாஸ்ராவ் சாளுங்கே. 1972 வறட்சியைப் பார்த்துவிட்டு, புனே மாவட்டம் புரந்தர் தாலுகாவில் 'கிராம் கௌரவ் பிரதிஷ்டான்' என்ற அறக்கட்டளை மூலம் 'பானி பஞ்சாயத்'தை, அதாவது தண்ணீரைப் பங்கிடும் பஞ்சாயத்தைத் தொடங்கினார். அதன் விதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். எவ்வளவு நிலம் வைத்திருக்கிறாய் என்று பார்த்துத் தண்ணீர் கிடையாது, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துத்தான். தலைக்கு அரை ஏக்கருக்கான நீர், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்கு. நிலமில்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. கரும்புக்குத் தடை. நிலத்தை விற்றால் தண்ணீர் உரிமை கூடவே போகாது. செலவில் 20 சதவீதத்தை விவசாயிகளே போட வேண்டும்.

இந்த விதிகளை எந்த எஸ்டிமேட்டிலும் எழுத முடியாது. மண் வெட்டவும் சிமெண்ட் வாங்கவும் அரசிடம் பணம் உண்டு. ஆனால் பெரிய விவசாயியையும் கூலிக்காரரையும் ஒரே பாயில் உட்காரவைத்து, மாதக்கணக்கில் சண்டை போட்டுப் பேசவிட்டு, ஒரு முடிவுக்குக் கொண்டுவர, அடிக்கடி மாற்றலாகிப் போகும் அதிகாரியால் எப்படி முடியும்? தொண்டு நிறுவனங்களுக்கான இடம் இங்கேதான் என்று நம்புகிறேன். ராஜஸ்தானின் ஆல்வார் பகுதியில் தருண் பாரத் சங்கம் மழைநீரைத் தேக்கும் ஜோஹட்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. அர்வரி ஆற்றுக்கரையின் 70க்கும் மேற்பட்ட கிராமங்கள் கூடி விதி வகுக்கும் ஒரு 'நதி நாடாளுமன்றம்' உருவாகவும் துணை நின்றது. நம் பக்கத்தில் மதுரையின் தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசன விவசாயிகளை 'வயலகம்' சங்கங்களாகத் திரட்டியதும் இதே வழிதான்.

நிதி கொடுப்பவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். மூன்று வருஷ ப்ராஜெக்ட், முடிவில் பெயர்ப்பலகையோடு ஒரு போட்டோ. பேச்சுவார்த்தைக்கு ஆகும் காலமும், ஊரிலேயே தங்கி வேலை பார்க்கும் களப்பணியாளரின் சம்பளமும் அவர்களுக்கு 'நிர்வாகச் செலவு'. அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். உண்மையில் வேலையே அதுதானே! கட்டுமானத்தைக் குறைத்துக்கொண்டு, அந்தச் சம்பளத்தைப் பத்து வருஷத்துக்குக் கொடுங்கள். நிறுவனங்களும் வரவு செலவை நன்கொடையாளருக்கு மெயிலில் அனுப்புவதற்கு முன்னால் கிராமசபையில் சத்தமாக வாசிக்கட்டும், நிலமில்லாதவர்களையும் வைத்துக்கொண்டு.