அந்த 40 வினாடி வீடியோ

நான் ஏற்பாடு செய்த தெருக்கூத்துப் பயிற்சியில் ஒரு பள்ளிப் பையன் உடைந்துபோய் அழுகிற அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். நான்கு நாட்களாக நம் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில் அதுதான் சுற்றுகிறது. "படிக்கிற பிள்ளைகளை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று மேலே ஒரு வரி. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி என் அக்காவே போன் போட்டு, "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு சனிக்கிழமைகள், பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற 23 பிள்ளைகள் ஒரு கூத்து ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, இருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அடவு போட்டார்கள், பின்பாட்டு பாடினார்கள், தோளில் கட்டுகிற புஜக்கட்டையில் கண்ணாடிச் சில்லு ஒட்டினார்கள். கடைசி சனிக்கிழமை திடலில் அபிமன்யு கூத்து. சக்கர வியூகம் வருகிற இடத்தில் கூத்து வாத்தியார் பிள்ளைகளையே வியூகமாக நிறுத்தினார். கையைக் கோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள், நடுவில் அபிமன்யு. அவன் விழுந்ததும் வியூகத்தில் நின்ற ஒரு பையன் உடைந்துபோய் அழுதான். வீடியோ அங்கே முடிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அபிமன்யு வேடம் கட்டியவர் எழுந்தார். கிரீடத்தைக் கழற்றி மண்ணில் வைத்தார். நேராக அந்தப் பையனிடம் போய் அவனைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பையனுடைய வெள்ளைச் சட்டையின் தோள்பட்டை முழுக்க அரிதாரம் ஒட்டியிருந்தது. முகவீணை என்கிற சின்ன நாதசுரத்தை ஊதுகிறவர் நிறுத்தவே இல்லை, மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போல ஊதிக்கொண்டே இருந்தார். இதை எடுக்க யாருடைய போனிலும் சார்ஜ் இல்லாமல் போய்விட்டதா?

கூத்து அந்தப் பையனைக் கெடுக்கவில்லை. அவனுக்குள் ஏற்கெனவே இருந்தது வெளியே வர ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அவன் வீட்டு விஷயத்தை நான் இங்கே எழுத மாட்டேன். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் அவனிடம் "என்னப்பா, எப்படி இருக்கே" என்று ஒருவர் கேட்டிருப்பாரா?

இதைப் புரிய வைக்க என் கதையைச் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்தபோது எனக்குப் பதினாறு வயது. நான் அழவில்லை. "பையன் கல்லு மாதிரி நிக்கிறான், பொறுப்பு வந்துடுச்சு" என்று சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசினார்கள். செய்யாறு பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், எங்களில் கருமாதிக்கு, கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். எங்கள் வீட்டு வாசலிலும் வைத்தார்கள். சாக்கை விரித்துப் போட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கர்ணன் போருக்குப் புறப்படும் முன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விடியும் நேரத்தில் குந்தி அவனை மடியில் போட்டுக்கொண்டு "மகனே" என்று ஒப்பாரி வைத்தாள் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து ஏதோ பிய்த்துக்கொண்டு வந்தது. எங்கள் தெருவே அழுதது. நான் தனியாகத் தெரியவில்லை. கர்ணனுக்காக அழுதேனா, அப்பாவுக்காக அழுதேனா என்று யாரும் கேட்கவில்லை. அன்று காலையில்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் யாரும் மனநலம் படித்தவர்கள் இல்லை. துக்கம் தொண்டையில் நின்றுவிடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2019ல் உலக சுகாதார நிறுவனம் 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வேண்டும் என்பவர்கள் அதைப் படியுங்கள். எனக்கு எங்கள் வீட்டு வாசல் போதும்.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: கலைக்கு வெளியே நின்று பார்ப்பது வேறு, உள்ளே நிற்பது வேறு. பெரிய ஊர்களில் சுவரும் தரையும் முழுக்க ஓவியத்தை ஓடவிட்டு அதற்குள் நடக்க விடுகிறார்கள், 'இம்மெர்சிவ்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகளை அதற்கும் கூட்டிப் போங்கள். ஆனால் கூத்தில் பக்கத்தில் நிற்பவனின் கை வியர்ப்பது உங்கள் கையில் தெரியும். மிருதங்க அடி நெஞ்சில் விழும். 23 பேரும் ஒரே தாளத்தில் காலைத் தூக்கி வைக்கும்போது, நான் மட்டும் தனி என்கிற நினைப்பு கொஞ்ச நேரமாவது ஓடிப்போகும். அரசுப் பள்ளிகளில் 2022லிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது போட்டி, அதிலும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு. மார்க் போடாத இடம் ஒன்றாவது இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

"டாக்டரிடம் போக வேண்டியவனைக் கூத்துக்குக் கூட்டிப் போனால் எப்படி" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கூத்து மருந்துக்குப் பதில் இல்லை, நான் அப்படிச் சொன்னதும் இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416ஐ, ஆறு வாரமும் திடலில் பேனரில் எழுதி வைத்திருந்தோம். ஆனால் "எனக்கு ஏதோ பண்ணுது" என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால்தானே டாக்டரிடம் கூட்டிப் போக முடியும்? அந்த வாயைத் திறக்க வைப்பது யார்?

"படிப்பு கெட்டுவிடும்." சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம். 2022ல் மட்டும் இந்த நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அவர்கள் யாரும் கூத்துப் பார்த்துக் கெட்டவர்கள் இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

"பெண் பிள்ளைகளை எதற்கு ஆட விட்டீர்கள்" என்றும் வந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002லேயே தொடங்கியது. அங்கே பெண் பிள்ளைகள் வேடம் கட்டி ஆடினார்கள். நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு விமர்சனம் மட்டும் உண்மையிலேயே சுட்டது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் எல்லாச் சாதிக்காரர்களும் ஒன்றாக நிற்க முடிகிறதா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பல ஊர்களில் முடியாது. தலித் மக்கள் உள்ளே வரக்கூடாது என்று தகராறு வந்து, விழுப்புரம் பக்கத்து மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023ல் சீல் வைத்ததை நாம் பார்த்தோம். அதனால்தான் கோயில் வாசல் வேண்டாம், பொதுத் திடல்தான் என்று பிடிவாதமாக நின்றேன். அது போதுமா என்றால் போதாதுதான், தம்பி.

அப்புறம் அந்த வார்த்தை. "கூத்தாடிப் பசங்களா ஆக்கிடாதீங்க." எழுதியவர் எனக்குத் தெரிந்தவர், என் கல்யாணத்துக்கு வந்தவர். எங்கள் வாத்தியாருக்கு 64 வயது. பாரதத்தின் 18 நாள் கதையும் மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய பேத்தி போனில் அந்த வரியைப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "சார், பிள்ளைங்களுக்கு நம்மளால கெட்ட பேர் வேணாம், நிறுத்திக்கலாமா" என்று கேட்டார். ஆறு வாரம் பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்த மனிதர். என்னால் பதில் பேச முடியவில்லை.

வியூகம் பழகிய முதல் நாள் வாத்தியார் கதை சொன்னார்: அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளை, "எங்களுக்கும் அப்படித்தான் சார்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. 23 பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பையன் முந்தாநாள் வந்தான். வீடியோ பற்றிப் பேசவே இல்லை. முகவீணையை யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டான். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு அதே திடலில் இருப்போம், வாத்தியாரிடம் நானே போய்ப் பேசிக்கொள்கிறேன். வீடியோ போட்டவருக்கு ஒன்றுதான். அவன் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.