"அந்த அம்மாவைப் பாரு"

எனக்கு இடுப்பு வலி வந்து ஏழு வருஷம் ஆகுது. மூணு மாசம் தாண்டினாலே நாள்பட்ட வலின்னு மருத்துவத்துல கணக்கு. அந்தக் கணக்குல நான் சீனியர்.

இத்தனை வருஷத்துல ஊசியைவிட அதிகமா குத்தினது ஒரு வார்த்தை: "அந்த அம்மாவைப் பாரு." அந்த அம்மா யாருன்னா, கடலூர் மஞ்சக்குப்பத்துல பிசியோதெரபிக்குப் போற இடத்துல பழக்கமான மீன்கார அக்கா. ரெண்டு பேருக்கும் அதே எல்4-எல்5 ஜவ்வு பிதுக்கம், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்புல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இருக்கற ஜவ்வு வெளிய தள்ளியிருக்கு. அவங்க விடியக்காலம் முதுநகர் துறைமுகத்துல மீன் எடுத்து, கூடையோட தெருத்தெருவா போறாங்க. நான் கீழ விழுந்த சாவியை எடுக்கப் பொண்டாட்டியைக் கூப்பிடுறவன்.

"ஒரே ஸ்கேன்தானே, உங்களுக்கு மட்டும் என்ன?"ன்னு மச்சான் கேட்டாரு. ஸ்கேன்ல வலி தெரியாது மச்சான். வலியே இல்லாத இருபது வயசுக்காரங்கள்லயே சுமார் 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருக்குன்னு 2015ல வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லுது.

என் வியாதி பாதி பயம். பிடிச்சுக்குமோன்னு பயந்து குனியறதையே விட்டேன். முதுகு இறுகிப்போய், அடுத்த தடவை குனிஞ்சப்போ நிஜமாவே பிடிச்சுது. வலியையே நினைச்சு உழல்றது, ஊதிப் பெருசாக்குறது, இனி ஒண்ணும் ஆகாதுன்னு கைவிடுறது... இதை அளக்க 13 கேள்வி வெச்சு 1995லயே ஒரு அளவுகோல் வந்திருக்கு. பிசியோ தம்பி கேட்கக் கேட்க எல்லாத்துக்கும் தலையாட்டினேன். வெக்கமாத்தான் இருந்துச்சு.

உடனே "அப்போ எல்லாம் மனசுதான்"னு கிளம்பிடாதீங்க. மனசுக்குப் பங்கு இருக்குங்கறது வேற, வலி பொய்யின்னு சொல்றது வேற. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020ல வலிக்குப் புது விளக்கம் கொடுத்தப்போ, ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா அதை மதிக்கணும்னு சேர்த்தே எழுதிச்சு. நம்ம திருப்பாதிரிப்புலியூர் மடத்துல இருந்த அப்பர், சூலை நோய்ங்கற கடும் வயித்து வலி தாங்காமத்தான் திருவதிகைக்கு அக்காவைத் தேடிப் போனாருன்னு சொல்லுவாங்க. அவரு வலியைப் பாடினா கையெடுத்துக் கும்பிடுவோம், வீட்டுல ஒருத்தன் முனகினா டிராமாம்போம்.

சரி, அந்த அக்காவுக்குத் தைரியம் ஜாஸ்தியா? ஒரு மழை நாள்ல அவங்களே சொன்னாங்க: "நான் உட்கார்ந்தா அடுப்பு எரியாது தம்பி." ரெண்டு வருஷமா மெடிக்கல்ல கேட்டு வாங்கின வலி மாத்திரைதான் அவங்களை நடக்க வெச்சிருக்கு. இப்போ ரத்தத்துல கிரியேட்டினின் ஏறிடுச்சு, அதாவது கிட்னி சரியா வேலை செய்யல; மாத்திரையை டாக்டர் நிறுத்திட்டாரு. ராத்திரி தூக்கம் கிடையாது. அவங்க உட்காராததால, "வலிக்குதா?"ன்னு வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்லை.

எனக்குப் பிசியோ தம்பி கொடுத்த வீட்டுப்பாடம், தினமும் பத்துத் தடவை குனியணும். அக்காவுக்கு, மணிக்கு ஒரு தடவை கூடையை இறக்கிட்டு உட்காரணும். ரெண்டு பேரும் இன்னும் ஒழுங்கா செய்யல.