வங்கக்கடலை அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதாது

ஒவ்வொரு மழைக்கும் பிறகு, வானிலையைக் கணினியில் கணிக்கும் மாடலைத் திட்டுகிறோம். அந்த மாடலுக்குக் கடலிலிருந்து என்ன தகவல் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

எண்ணூருக்குக் கிழக்கே அந்தமான் வரை தண்ணீர்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதவைகள், வந்துபோகும் கப்பல்கள், அவ்வளவே. சென்னைத் துறைமுகத்து ரேடார் நல்ல கருவி, ஆனால் சில நூறு கிலோமீட்டருக்கு மேல் அதற்கு எட்டாது. அதைத் தாண்டி நடப்பதை 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இன்சாட் செயற்கைக்கோள்கள்தான் பார்க்கின்றன.

அவற்றில் ஒன்றான இன்சாட்-3டிஆர், அங்கிருந்து தெரியும் பூமியின் முழு வட்டத்தையும் படமெடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அடுத்தடுத்த படங்களில் ஒரு மேகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த உயரத்தில் வீசும் காற்றைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் காற்றுதான் உலக அளவிலான மாடல்களுக்குள் போகிறது. ஆனால் இடிமேகம் அரை மணியில் ஆளே மாறிவிடும். முதல் படத்தில் இருந்ததும் இரண்டாவதில் இருப்பதும் ஒரே மேகம்தானா? கணினி தடுமாறும் இடம் இதுதான். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு படம் கிடைத்தால் சின்ன மேகத்தைக்கூடத் தவறவிடாமல் தொடரலாம்.

புயல் நேரத்தில் 3டிஆரை இப்படி, சின்னப் பகுதியை மட்டும் வேகமாகப் படமெடுக்கும் ரேபிட் ஸ்கேனில் ஓட்டுகிறார்கள். ஜப்பானின் ஹிமாவரி செயற்கைக்கோள் 2015 முதல் முழு வட்டத்தையே 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறது, நம் ஊர் அதன் ஓரத்தில்தான் தெரியும்.

வேகமான படங்கள் அடுத்த ஒன்றிரண்டு மணி நேர எச்சரிக்கைக்கு மட்டும்தான் என்கிற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் கரையோரம் ஊர்ந்ததால்தான் வியாசர்பாடி மூழ்கியது. ஒரு புயல் நகருமா, நிற்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதைச் சுற்றி வீசும் மேல்காற்று, வேகமான படங்கள் மாடலுக்குத் தருவதும் அந்தக் காற்றைத்தான். பல நாள் கடலில் தங்கும் காசிமேட்டு விசைப்படகுக்கு மூன்று மணி நேர எச்சரிக்கை கரை சேரவே போதாது. அவர்களுக்கு வேண்டியது மூன்று நாள் முன்கணிப்பு. மணலியில் ஒரே இரவில் கொட்டும் மேகவெடிப்பைத் தெருப்பெயரோடு மூன்று நாள் முன்பே சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது யாராலும் முடியாது.

சிரமங்கள் உண்டு. அருகருகே கணக்கிட்ட காற்றுத் தகவல்களில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும், அதனால் சலித்துத்தான் மாடலுக்குக் கொடுக்க வேண்டும். மேகத்தின் உயரத்தைத் தப்பாகக் கணித்தால் காற்றும் தப்பான உயரத்தில் போய் உட்காரும். அப்புறம், ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப எடுத்தால் மற்ற இடங்களின் படம் தாமதமாகும். சரி, 2024-ல் இன்சாட்-3டிஎஸ் என்ற புதிய செயற்கைக்கோளும் விண்ணுக்குப் போய்விட்டதே. முழு வட்டத்தை அது பார்க்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயல் சின்னம் உருவாகும்வரை காத்திருக்காமல், 3டிஆர் வங்கக்கடலை மட்டும் பார்க்கட்டும். அதில் கிடைக்கும் காற்று தினமும் நொய்டாவிலுள்ள தேசிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாடலுக்குப் போகட்டும். 3டிஆர் ஏவியது 2016-ல், அதற்கும் வயதாகிறது. அடுத்த செயற்கைக்கோளையாவது பத்து நிமிடத்தில் முழு வட்டம் எடுக்கும்படி கட்டுங்கள்.