கவிழ்த்து வைத்த பீங்கான்

1996இல் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பது வயதுக்குக் கிட்ட. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் கோதுமை விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவர். சாப்பாட்டு மேசையில் பீங்கான்களை எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பார், கறி மேசைக்கு வந்த பிறகுதான் நிமிர்த்துவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "புழுதி" என்றார். முப்பதுகளில் புழுதிப் புயல் அடித்தால், ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகினாலும் உள்ளுக்கு வந்துவிடுமாம். நிமிர்த்தி வைத்த பீங்கானில் விரலால் பெயர் எழுதலாமாம். அறுபது வருடம் கழித்து, புழுதியே இல்லாத ரொறன்ரோவில், அந்தக் கை இன்னும் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் 'டென் லாஸ்ட் இயர்ஸ்' நாடகம் போட்டார்கள். அவளும் நடித்தாள். அன்றிலிருந்து அந்தக் கைதான் நினைவில் நிற்கிறது.

இந்த நாடகம் பிறந்த விதமே எனக்குப் பிடிக்கும். பாரி புரோட்ஃபுட் என்ற வன்கூவர் பத்திரிகையாளர் வேலையை விட்டுவிட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு கனடா முழுக்கச் சுற்றினார். முப்பதுகளில் வேலையும் விலையும் விழுந்த பெருமந்தத்தில் தப்பிப் பிழைத்த சாதாரண சனத்தைக் கதைக்க விட்டு, 1973இல் அதைப் புத்தகமாக்கினார். சொன்னவர்களின் பெயர் அதில் இல்லை. பெயர் வராது என்பதால்தான் பலர் வாய் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அடுத்த வருடமே ஜோர்ஜ் லஸ்கோம் தன் ரொறன்ரோ வேர்க்‌ஷொப் புரொடக்‌ஷன்ஸ் குழுவோடு அதை மேடையேற்றினார். ஜாக் வின்ரரும் செட்ரிக் ஸ்மித்தும் நாடகமாக்கினார்கள். கதாநாயகன் இல்லை. ஒரே நடிகர் இப்போது கமக்காரர், அடுத்த நிமிடம் சரக்கு ரயிலில் தொற்றி ஏறுகிற பெடியன். பசி ஒருவருக்கு மட்டும் வந்ததல்ல என்பதால் இதுதான் நேர்மையான வடிவம்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் ஒவ்வொரு நினைவுக்கும் அடியில் வயலின் அழுதது. சொல்கிற ஒவ்வொருவரும் கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அங்கேதான் எனக்கு ஒட்டவில்லை.

அந்த அம்மாவோடு மூன்று வருடம் இருந்தேன். அழுது பார்த்ததில்லை. 1932 முடிவில் ஒரு புசல் (ஏறக்குறைய 27 கிலோ) கோதுமை 40 சதத்துக்கும் கீழே போனதைச் சந்தை விலை சொல்வதுபோலச் சொல்வார். பெற்றோலுக்குக் காசில்லாமல் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுக் குதிரை பூட்டி ஓட்டினார்களாம். அப்போதைய பிரதமர் பெனட்டின் பெயரையே அந்த வண்டிக்கு வைத்து 'பெனட் பகி' என்றார்களாம். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊரிலிருந்து வந்தவள் நான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கிழக்குக் கரையிலிருந்து நிவாரணமாகக் கருவாடு வந்த கதைக்கு மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கடலையே காணாத சனம், ஊறப்போட வேண்டும் என்று ஆருக்கும் தெரியாது.

ஒரேயொரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. உங்கள் வீட்டிலும் நிவாரணம் எடுத்தீர்களா? இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

மேடை எதற்கு வேண்டும் என்றால் இதற்குத்தான் என்பேன். புத்தகத்தில் இந்த இடம் விடுபட்டுப்போகும். ஒலிநாடாவில் வெறும் இரைச்சல். மேடையில் மட்டும்தான் ஒரு கிழவி எழும்பிப் போவதையும் கேத்தில் கொதிக்கிற வரை முதுகு காட்டி நிற்பதையும் நாங்கள் பார்க்கலாம். அந்தக் காலத்தில் பசியைவிடப் பெரிதாக இருந்தது வெட்கம். சஸ்கச்சுவானிலிருந்து ஒரு பெண், கணவனுக்குக் குளிர் தாங்கும் உள்ளுடுப்பு கேட்டுப் பெனட்டுக்கே கடிதம் எழுதினார். நாட்டின் பிரதமரிடம் உள்ளுடுப்புக் கேட்க அந்தக் கை எத்தனை தரம் பேனையைக் கீழே வைத்திருக்கும்? வயலின் வாசித்தால் அது கேட்காது.

தேதிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையில்லாதவர்களுக்கான அரசாங்க முகாம்களில் நாளுக்கு 20 சதத்துக்கு வேலை செய்த இளைஞர்கள் 1935 ஜூனில் சரக்கு ரயில் கூரைகளில் ஏறி ஒட்டாவாவுக்குக் கிளம்பினதையும், ரெஜைனாவில் ஜூலை 1ஆம் திகதி பொலிஸ் அவர்கள்மேல் பாய்ந்ததையும் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். ஆனால் அது எந்த வரலாற்றுப் பாடத்திலும் கிடைக்கும்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் நேரே அம்மம்மாவிடம் போய்விட்டாள், கையில் போனோடு. நாங்கள் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நிவாரண அரிசியில் இருந்த கதை அவளுக்குத் தெரியும்.

"அம்மம்மா, நிவாரணக் கியூவில ஆர் போய் நிண்டது?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. சீலைத் தலைப்பை மடித்து மடித்து விரித்தார்.

"கொம்மாவைத்தான் அனுப்பினனான். எனக்கு வெக்கமாக் கிடந்தது."

நான் குசினியில் நின்றேன். முப்பது வருடமாக, அப்போது அம்மாவுக்குக் கால் நோ என்றுதான் நினைத்திருந்தேன்.