சாத்தி வைத்த இரும்புக் குழாய்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, மதுரையில் திரைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய திரையரங்கில் ‘எல் ஓர்ஃபனாத்தோ’ என்ற ஸ்பானிஷ் படத்தைத் திரையிட்டார்கள். 2007-இல் வெளிவந்த இது, பயோனா இயக்கிய முதல் முழுநீளப் படம். பெயருக்கு ‘அநாதை இல்லம்’ என்று பொருள். முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மேலூர்ப் பக்கம் வளர்ந்த எனக்குப் பேய் என்பது வெளியிலிருந்து வந்து பிடிப்பது. பயந்த பிள்ளைக்குத் திருநீறு பூசுவார்கள். தீராவிட்டால் பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போவார்கள். நம் பேய்ப்படங்களிலும் பேய்க்கு ஒரு பழியும், அதற்கொரு பரிகாரமும் இருக்கும். தான் வளர்ந்த அநாதை இல்லத்திலேயே குடியேறும் லாராவின் வளர்ப்பு மகன் சிமோன் காணாமல் போனபோது, நானும் ஆவிகளைத்தான் சந்தேகித்தேன்.

ஆனால் நடந்தது வேறு. மகனைத் தேடும் பதற்றத்தில் அவள் சாரம் கட்டும் இரும்புக் குழாய்களை நகர்த்திச் சுவரில் சாத்துகிறாள். அந்தச் சுவரில்தான் நிலவறைக்குப் போகும் மறைகதவு இருக்கிறது, உள்ளே சிமோன் இருக்கிறான். அன்றிரவு கேட்ட பலத்த சத்தம், வெளியே வர முயன்ற பிள்ளை, படிக்கட்டின் கைப்பிடி உடைந்து கீழே விழுந்த சத்தம். பல மாதம் கழித்து அவளுக்கு இது புரியும் கணத்தில், லாராவாக நடித்த பெலன் ருவேதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் முன் இருக்கையின் கிழிந்த ரெக்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆவிகளோடு பேசும் பெண்ணாக வரும் ஜெரால்டின் சாப்ளின் (சார்லி சாப்ளினின் மகள்), குழந்தைகளின் அழுகையைத் தொடர்ந்து இருட்டில் நடக்கும்போது விளக்கைப் போட்டு இடைவேளை விட்டார்கள். இடைவேளையே இல்லாமல் எடுத்த படத்தை அந்த இடத்தில் வெட்டியவரை மன்னிக்க மனமில்லை.

கடைசியில் லாரா உயிரை விட்டு, இறந்த குழந்தைகளோடு சேர்வதாகக் காட்டுகிறார்கள். வெளியே பருத்திப்பால் குடித்தபடி நண்பர், “அந்த ஆறுதலாவது இல்லாவிட்டால் எப்படி வீட்டுக்குப் போவது?” என்றார். எனக்கு உடன்பாடில்லை. குழாய்களைச் சாத்திய கைகளோடு அவளை அந்த நிலவறையிலேயே விட்டுவிட்டு விளக்கைப் போட்டிருக்க வேண்டும்.