சித்தப்பாவின் கையெழுத்தும் புதிய பொலிஸ்மா அதிபரும்

2025 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கைப் பாராளுமன்றம் 177 வாக்குகளால் தேசபந்து தென்னக்கோனைப் பொலிஸ்மா அதிபர் பதவியிலிருந்து நீக்கியதும், அதே மாதத்தில் பிரியந்த வீரசூரிய அப்பதவிக்கு நியமிக்கப்பட்டதும் நாம் அனைவரும் அறிந்தவை. கான்ஸ்டபிளாகச் சேவையில் சேர்ந்த ஒருவர் படிப்படியாக உயர்ந்து அந்த ஆசனத்துக்கு வந்ததை நான் மனதார வரவேற்றேன். இரவுக் கடமையில் முறைப்பாட்டுப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருப்பவரின் சிரமத்தை அவர் அனுபவத்தில் அறிந்திருப்பார். மலையகத்தில் வாழும் எங்களுக்குத் திணைக்களத் தலைமையின் தரம் தெரியவருவதும் அந்தப் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருக்கும் மேசையில்தான்.

என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்குப் பின்னால் இருந்த நடைபாதை தொடர்பான தகராறில் அவரைப் பக்கத்து டிவிஷனைச் சேர்ந்த ஒருவர் அடித்துக் காயப்படுத்தினார். அன்றிரவே அவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றார். கடமையில் இருந்தவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் விடுமுறையில் இருந்தார். எனவே உடன் சென்ற தோட்டத் தலைவர் ஒருவர் மொழிபெயர்த்தார். அவர் அடித்தவருக்கு உறவுமுறை. சித்தப்பா தமிழில் சொன்னார், தலைவர் அதைச் சிங்களத்தில் சொன்னார், கான்ஸ்டபிள் தமக்குப் புரிந்ததை எழுதினார். பிறகு அது சிங்களத்திலேயே வாசித்துக் காட்டப்பட்டது. ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பாடசாலையில் படித்த சித்தப்பா, தலையாட்டிவிட்டு, சிங்கள எழுத்துகள் நிறைந்த அந்தப் பக்கத்தின் அடியில் தமிழில் கையெழுத்திட்டார். ஓராண்டுக்குப் பின்னர் நீதவான் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த வாக்குமூலத்தை வாசித்தபோதுதான், "நாங்கள் இருவரும் சண்டையிட்டுக்கொண்டோம்" என்று அதில் எழுதப்பட்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. "இது உங்கள் கையெழுத்துத்தானே?" என்று கேட்டார்கள். ஆம் என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்ல முடியும்?

அந்தக் கான்ஸ்டபிள்மீது எனக்குக் கோபமில்லை. இரவு முழுவதும் விழித்திருந்து, தெரியாத ஒரு மொழியில் சொல்லப்பட்டதைத் தெரிந்த மொழியில் எழுதி முடிக்க அவர் முயன்றார். தமிழர் அதிகம் வாழும் ஒரு பகுதியின் பொலிஸ் நிலையத்துக்குத் தமிழ் எழுதத் தெரிந்த ஒரேயொருவரை மட்டும் அனுப்பிவிட்டு, அவர் விடுமுறையில் செல்லும் நாளைப் பற்றிச் சிந்திக்காத நிர்வாகமே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறையன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. அரச உத்தியோகத்தருடன் தமிழில் அலுவல் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை நமக்கு அளிக்கிறது. போர் முடிந்தபின் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் வெளியான தன் அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் அறிந்த உத்தியோகத்தர்கள் 24 மணிநேரமும் இருக்க வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் தம் வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய உரிமையுடையவர் என்றும் பரிந்துரைத்தது. போர் நடந்த மாகாணங்களை மனதில் வைத்தே பலர் அந்த அறிக்கையைப் படித்தார்கள். ஆனால் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழராக இருந்த நுவரெலியா மாவட்டத்துக்கும் அந்தப் பரிந்துரை முழுமையாகப் பொருந்தும்.

சித்தப்பா ஆண்; அடிபட்ட கதையை நான்கு பேர் முன்னிலையில் சொல்ல அவரால் முடிந்தது. கணவனிடம் அடிவாங்கிய பெண்ணையோ, பாலியல் வன்முறைக்கு உள்ளான சிறுமியையோ எண்ணிப் பாருங்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிப் பொலிஸ் நிலையத்துக்கு வரும் ஒரு தாய், தன் மகளுக்கு நேர்ந்ததை முதலில் தோட்டத்து ஆண் ஒருவரிடம் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் அதைத் தமக்குக் கூச்சமில்லாத சொற்களாக மாற்றி அதிகாரியிடம் சொல்கிறார். மறுநாள் காலை, தொழிலாளர் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் ஆசிரியராக இருப்பதால் மூன்று முறை இத்தகைய தாய்மார்களுடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருக்கிறேன். அவர்களில் ஒருவர் பாதி வழியிலேயே, "வேண்டாம் சேர், திரும்பிப் போயிடுவோம்" என்றார். சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் என்ற பெயர்ப்பலகை பல நிலையங்களில் இருக்கிறது. அந்தப் பலகைக்குப் பின்னால் தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறாரா என்பதே என் கேள்வி.

நம் பிள்ளைகள் ஏன் பொலிஸில் சேர்வதில்லை என்று அதிகாரிகள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான், அதற்கான பதில் நீளமானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிரஜையல்லாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை என்பதால், தலைமுறை தலைமுறையாகக் காக்கிச் சட்டை அணிந்த அண்ணனையோ மாமாவையோ நம் லயன்களில் எவரும் கண்டதில்லை. பொலிஸ் ஜீப் வந்தால் கதவைச் சாத்தும் பழக்கம்தான் நமக்குக் கையளிக்கப்பட்டது. 2023 மே மாதத்தில், பதுளையிலிருந்து வீட்டு வேலைக்குக் கொழும்பு சென்ற ஒரு பெண் பொலிஸ் தடுப்பில் இருந்தபோது உயிரிழந்த செய்தி அந்தப் பயத்தை மீண்டும் உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும் சேர்ந்த சில இளைஞர்கள் என் மாணவர்கள். அவர்களில் ஒருவன் தமிழே தேவைப்படாத ஒரு தென்பகுதி நிலையத்தில் வீதிப் போக்குவரத்துக் கடமையில் இருக்கிறான். இன்னொருவன் மலையக நிலையமொன்றில் தன் கடமையையும் பார்த்து, எல்லோருக்கும் மொழிபெயர்த்து, நீதிமன்றத்துக்கும் ஓடிக் களைத்துப்போயிருக்கிறான். மொழிபெயர்ப்பை அவனுடைய கடமையாக எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

பொலிஸ்மா அதிபர் தவிர்ந்த ஏனைய உத்தியோகத்தர்களின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவை அரசியலமைப்பின்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ளன. எனவே புதிய தலைமையிடமும் ஆணைக்குழுவிடமும் சேர்த்தே கேட்கிறேன். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, பசறை போன்ற இடங்களுக்குப் பொறுப்பதிகாரியைத் தெரிவுசெய்யும்போது அவருடைய தமிழறிவையும் தகுதியாகக் கருதுங்கள். பேசத் தெரிவது போதாது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு கடமை முறையிலும் இருக்க வேண்டும். அதுவரை, தமிழில் எழுத முடியாத நிலையில் முறைப்பாட்டாளரே தம் கைப்பட எழுதித் தரும் தமிழ்த் தாளைப் புத்தகத்துடன் இணைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

சித்தப்பாவின் வழக்கு அடுத்த மாதம் மீண்டும் அழைக்கப்படுகிறது. அன்றிரவு தாம் உண்மையில் சொன்னதை அவர் இப்போது பயிற்சிக் கொப்பியொன்றில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். ஒன்றரைப் பக்கம் வருகிறது. அதை எங்கள் சட்டத்தரணியிடம் கொடுத்திருக்கிறோம்.