பாலாத்துல தண்ணியே இல்லையாம்!

நம் வேலூர்ப் பக்கத்து நீர் ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனிமேல் யாரும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து பேச்சு தோல் தொழிற்சாலைக் கழிவால் வந்த பாலாற்று மாசுக்கு வருகிறது. புது உறுப்பினர் ஒருவர் மைக்கை வாங்கி, "பாலாத்துல தண்ணியே இல்லையே, அப்புறம் எதுங்க மாசு படுது?" என்கிறார். மேடை மொத்தமும் சிரிக்கிறது. நீர் ஆலோசனைக் குழுவின் முதல் கூட்டம், ஐயா இது!

அவர் நல்ல மனிதர்தான். அன்னதானம் என்றால் மூட்டை மூட்டையாக அரிசி இறக்குபவர். அதில் எனக்குத் தகராறு இல்லை. பாலாறு மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. மேலே காய்ந்து கிடந்தாலும் கரையோரக் கிணறும் போர்வெல்லும் இழுப்பது அந்த ஊற்றைத்தான். வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் தெரியாதவர் பாலாற்றுக்கு எப்படி ஆலோசனை சொல்வார்?

குழு உறுப்பினர் பட்டியலைப் பார்த்தீர்கள் இல்லையா? 'தகுதி' என்று ஒரு கட்டம். அதில் 'சமூக ஆர்வலர்'. அடுத்த வரியிலும் 'சமூக ஆர்வலர்'. ஒரே ஒருவர் மட்டும் வித்தியாசமாக 'தொழிலதிபர் மற்றும் சமூக ஆர்வலர்'. இவர்கள் முன்னால் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை வைத்தால் என்ன ஆகும்? டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத ஊரில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம், குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் ஒரு ரகம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிற கழிவில் இருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் வேறு ரகம், புற்றுநோயைக் கொண்டுவருவது. இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒருவராவது வேண்டாமா? பிரியாணி மாஸ்டரைப் பிடிப்பதற்கே ஒரு கிலோ போடச் சொல்லி ருசி பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம்.

குழுவில் விவரம் தெரிந்தவர்கள் வேண்டும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே இழப்பீடு தர வேண்டும் என்று நாட்டுக்கே சொன்ன தீர்ப்பு, சட்டக் கல்லூரிகளில் இன்றும் நம் ஊர்ப் பெயரோடு படிக்கிறார்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அதே தீர்ப்பில், அமைக்கப்படும் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர், மற்ற உறுப்பினர்கள் கூடுமானவரை மாசுக் கட்டுப்பாட்டிலும் சுற்றுச்சூழலிலும் நிபுணத்துவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம், அதே பாலாறு. குழு போடுங்கள், சுற்றுச்சூழல் நிபுணர்களையும் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளையும் சேருங்கள் என்றது. நாம் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

"உனக்குக் கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்" என்று ஒரு கமெண்ட் வரும், தெரியும். நான் விண்ணப்பிக்கவே இல்லை, சாமி. விண்ணப்பம் கேட்டால்தானே போடுவதற்கு! எந்தப் பேப்பரில் விளம்பரம் வந்தது? எந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள்? ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் உருதுவில் ஒரு நோட்டீஸாவது போனதா?

"சம்பளம் இல்லாத கௌரவப் பதவி, விவரம் தெரிஞ்சவங்க யார் வருவாங்க?" இதைச் சொல்பவர்கள் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டார்களா? குடிநீர் வாரியத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சத்துவாச்சாரியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருத்துவர்களுக்குப் பஞ்சம் என்று வேலூரில் நின்றுகொண்டு சொன்னால் ஆட்டோக்காரரே சிரிப்பார்.

"தோல் தொழிலை ஒழிக்கப் பார்க்கிறாயா?" இல்லை. தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் நின்று வேலை செய்கிற தொழிலாளி ஒருவர் குழுவில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன். அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அப்புறம், "பட்டம் வாங்கினவன்தான் வரணுமா? மேட்டிமைத்தனம்!" என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா ஆம்பூர் பக்கம் ஒரு கிராமத்தில் டேங்க் ஆபரேட்டர். எட்டாவதோடு நின்றவர். விடியற்காலையில் மோட்டார் போட்டதும் முதலில் வரும் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் தொட்டிக்கு ஏற்றுவார். எந்த போர் எந்த மாதம் கரிக்க ஆரம்பித்தது, எந்தத் தெருவில் சோறு மஞ்சளாக வடிகிறது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒருமுறை தண்ணீர் மாதிரி எடுக்க அதிகாரிகள் வந்தார்கள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு நோட்டோடு போய் நின்றார். வந்தவர்களில் ஒருவர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை, "பெரியவரே, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க, போட்டோ எடுக்கணும்" என்றார். கூடவே நின்றிருந்த எனக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நோட்டும் ஒரு தகுதிதான். அதைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்கள் ஆள் தேர்வு செய்தால் மேடையில் சிரிப்புதான் மிஞ்சும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: யாரைப் போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் என்ன வேலை நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். அறிக்கை படிக்க ஒருவர், நிலத்தடி நீர் தெரிந்த ஒருவர், கணக்கு பார்க்க ஒருவர், கிணறு பாழான விவசாயி, டேங்க் ஆபரேட்டர். அதன் பிறகு விளம்பரம் கொடுங்கள், வந்தவர்களை உட்காரவைத்துப் பேசுங்கள், ஏன் எடுத்தோம் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். 'சமூக ஆர்வலர்' என்ற வரி செல்லாது.

இதையேதான் மனுவாக எழுதி திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். "செம பதிவு, தோழர்" என்று போட்டுவிட்டு நழுவுகிறவர்கள் அந்த வீடியோவையே இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.